உங்கள் கருதுகளைக் கீழே இடவும்

ஒரு 'த்' தொலைந்துபோனால் என்ன ஆகிவிடும் என்று அருப்புக்கோட்டைச் சாலையில் யாரிடமும் விளையாட்டுக்குக்கூடக் கேட்டுவிடாதீர்கள். உட்காரவைத்து, கையில் ஒரு சொம்பு கூழையும் கொடுத்து, பொழுது சாயும்வரை சொல்வார்கள், அதில் பாதி அவரவர் தம் பங்குக்குச் சேர்த்துக்கொண்டதாக இருக்கும். மீதிப் பாதி இது.

குருநாதன் அண்ணாச்சியின் ஸ்டீல் பீரோப் பட்டறையில் சந்தனமாரி வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது வருடமாகிறது. அதில் பதினெட்டு வருடம் பெயின்ட் அடிக்கும் கொட்டகையில் போயிற்று. பச்சை பீரோ, சாம்பல் பீரோ, கல்யாணச் சீருக்கு மயில் படம் போட்ட பீரோ என்று ஊரார் வீட்டு பீரோவுக்கெல்லாம் நிறம் கொடுத்ததில் அவள் நெஞ்சுக்குள்ளும் ஒரு கோட்டிங் ஏறி, படி ஏறினால் விசிலடிக்கும் அளவுக்கு மூச்சு கெட்டுவிட்டது. தபாலில் எம்.ஏ. தமிழ் படித்தவள், தமிழில் தட்டச்சுத் தெரிந்தவள் என்பது அண்ணாச்சிக்கு அப்போதுதான் நினைவு வந்து, மாடியில் ஒரு மேசையைப் போட்டு, ஒரு கம்ப்யூட்டரை வைத்து, "இனிமே நீ இங்கன உக்காந்து எழுது தாயி" என்றார்.

எழுத வேண்டியது கம்பெனியின் வலைப்பூ. அந்த யோசனையைக் கொடுத்தவர் சென்னையிலிருந்து போனில் மட்டுமே பேசும் கிஷோர் என்ற ஆலோசகர். இப்போதெல்லாம் ஜனங்கள் கடைக்கு வருவதற்கு முன்னால் போனைத்தான் தடவுகிறார்கள், நாம் எழுத வேண்டும், அவர்கள் படிக்க வேண்டும், அதோடு விட்டுவிடக் கூடாது. "படிச்சா மட்டும் பத்தாது மேடம், அவங்க பேசணும். தலைப்புல ஒரு நம்பர் வைங்க. கடைசியில ஒரு கேள்வி கேளுங்க. யார் என்ன சொன்னாலும் பதில் போட்டுருங்க. பேச்சு நிக்கவே கூடாது மேடம்."

சந்தனமாரி எழுதினாள். 'பீரோ வாங்கும் முன் தட்டிப் பார்க்க வேண்டிய ஐந்து இடங்கள்' எழுதினாள், 'மழைக்காலத்தில் பட்டுப்புடவையைக் காக்க ஆறு வழிகள்' எழுதினாள், 'பீரோக் கண்ணாடி இடக்கதவிலா, வலக்கதவிலா?' என்று எழுதி, கடைசியில் 'நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?' என்று கேட்டுவிட்டு, ஒரு வாரம் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு கட்டுரைக்கும் அடியில் '0 கருத்துகள்' என்று அந்தச் சுழி அவளைப் பார்த்து முழித்தது. எட்டு மாதத்தில் ஒரே ஒரு ஆள் வந்தான், அவனும் தொப்பை குறைக்கும் மருந்து விற்கிறவன். அவனுக்கும் நன்றி சொல்லிப் பதில் போட்டாள்.

அண்ணாச்சி கடிந்து பேசுகிறவர் இல்லை. வெற்றிலையை மென்றுகொண்டே, "ஆடி கழியட்டும். ஆவணியிலயும் இப்படியே முட்டை போட்டுச்சுன்னா நீ பெயின்ட்டுக்கே போயிரு தாயி, அங்கன ஆள் பத்தல" என்றார். சந்தனமாரி பையில் இருந்த இன்ஹேலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அந்தக் கொட்டகைக்குத் திரும்பிப் போனால் இரண்டு வருடம் தாங்குமா என்பது அவளுக்கும் சந்தேகம், டாக்டருக்கும் சந்தேகம்.

ஆவணி முதல் புதன்கிழமை அவள் எழுதிய கட்டுரையின் தலைப்பு 'உங்கள் பீரோவின் உள்ளறையில் என்ன இருக்கிறது?' என்பது. எழுதி முடித்தபோது கண் எரிந்தது, கை கடுத்தது, 'உங்கள் கருத்துகளைக் கீழே இடவும்' என்று வழக்கமாகப் போடும் கடைசி வரியில் விரல் ஒரு 'த்'தைத் தாண்டிவிட்டது. அவள் திரும்பப் படிக்கவில்லை. திரும்பப் படிக்கிற தெம்பு அவளுக்குப் போய் வெகுநாளாயிற்று. 'உங்கள் கருதுகளைக் கீழே இடவும்' என்று உலகம் முழுக்கப் போய்விட்டது.

மறுநாள் காலையில் அவள் மேசைக்கு நேர் கீழே, பட்டறையை ஒட்டி வேலிக்கருவையும் உடைந்த கண்ணாடியுமாகக் கிடந்த கரிசல் பொட்டலில், பதினேழு கம்பந்தட்டை ஆளுயரத்துக்கு நின்றது. தட்டைக்கு ஒரு கருது, கதிரை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள், விரல் மொத்தத்துக்கு, பால் பிடித்த பச்சைக் கருது. விதைத்தவர் இல்லை, மழையும் இல்லை. பொட்டலின் ஓரத்தில் வடையும் கூழும் விற்கிற முத்துப்பேச்சி, யாரோ நமக்காகப் போட்டிருக்கிறார்கள் என்ற நினைப்பில் ஒன்றை ஒடித்து, உள்ளங்கையில் கசக்கி, உமியை ஊதிவிட்டு வாயில் போட்டாள். போட்டதும் அவள் வாய் தானாகத் திறந்து, "எங்க பீரோ உள்ளறையில நான் ஃபெயிலான பத்தாம் வகுப்பு மார்க் லிஸ்ட் இருக்கு, இருபத்திரண்டு வருசமா பொண்டாட்டிக்குத் தெரியாது, இப்படிக்கு ராஜமாணிக்கம், போடிநாயக்கனூர்" என்றது.

முத்துப்பேச்சி மிச்சத்தையும் மென்று விழுங்கிவிட்டு மாடியைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"ஏத்தா மாரி, ஒனக்குச் சேதி வந்துருக்கு, இறங்கி வா."

சந்தனமாரி இறங்கி வந்து, மீதிப் பதினாறிலும் ஒவ்வொரு மணியைக் கிள்ளித் தின்று பார்த்தாள். திண்டுக்கல்லில் ஒருத்தி பீரோ உள்ளறையில் மாமியாருக்குத் தெரியாமல் மிக்சர் வைத்திருந்தாள். மணப்பாறையில் ஒருவர் அப்பாவின் பல்செட்டை வைத்திருந்தார். சங்கரன்கோவிலில் ஒருத்தர் உள்ளறைக் கதவு இறுகிப்போனதாகவும் உங்கள் கம்பெனி தயாரிப்பே மட்டம் என்றும் திட்டியிருந்தார். எல்லாம் அவள் வாயாலேயே வந்தன. மேலே போய்த் திரையைப் பார்த்தாள், '0 கருத்துகள்' என்றுதான் இருந்தது. ஆகா அதிசயம் என்று நெஞ்சில் கை வைக்க அவளுக்குத் தோன்றவில்லை. பதினேழு பேருக்குப் பதில் போட வேண்டுமே என்றுதான் தோன்றியது.

எங்கே போடுவது என்று யோசித்து, தட்டைகளுக்கு நடுவே நின்று, "தங்கள் மேலான கருத்துக்கு மிக்க நன்றி" என்று எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒருதரம் சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் பார்த்தால் அத்தனையும் பதர். கசக்கினால் உமி பறந்தது, உள்ளே மணியே இல்லை. ஒன்று மட்டும் முற்றி, மஞ்சள் ஓடி, தலை சாய்ந்து நின்றது, அது மிக்சர் வைத்திருந்த திண்டுக்கல்காரி. முந்தின நாள் போகிற போக்கில் அந்தத் தட்டையிடம் மட்டும் சந்தனமாரி, "மிக்சருன்னா எறும்பு வரும்மா, நான் எங்க மாமியாருக்குத் தெரியாம சீடை வச்சு மாட்டிக்கிட்டேன், டப்பாவைச் சுத்தி மஞ்சப்பொடி தூவிரு" என்று சொல்லியிருந்தாள். ஒரு வாரம் கழித்து அந்தப் பெண்ணே பட்டறைக்குப் போன் போட்டு, சோறு வடிக்கும்போது பதில் காதில் விழுந்ததாகவும் மஞ்சள்பொடி நன்றாக வேலை செய்வதாகவும் சொல்லி, ஒரு ஆறரை அடி பீரோவுக்கு விலையும் கேட்டாள்.

ஆக முறை இன்னதென்று விளங்கிவிட்டது. ஒப்புக்குச் சொன்னால் பதர், உள்ளதைச் சொன்னால் மணி, ஒன்றுமே சொல்லாவிட்டால் அந்தக் கருது பச்சையாகவே நிற்கும்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், புதிதாக ஒரு பஸ் விட்டால் எடுத்துக்கொள்வதைப் போலத்தான். முதல் வாரம் வேடிக்கை பார்த்தார்கள், இரண்டாவது வாரம் பழகிவிட்டார்கள், மூன்றாவது வாரம் குறை சொல்ல ஆரம்பித்தார்கள். முற்றிய கருதைக் கூழ் காய்ச்சிக்கொள்ள அண்ணாச்சி முத்துப்பேச்சிக்கு விட்டுவிட்டார், ஆனால் அந்தக் கூழைக் குடித்தவன் வாயில் எந்த நேரத்தில் யாருடைய கருத்து வரும் என்று சொல்ல முடியாமலிருந்தது. நிச்சயதார்த்தத்துக்குப் போன ஒரு மாமா தாம்பூலத் தட்டு மாற்றும்போது, "கீல் லொடலொடன்னு ஆடுது, பெயின்ட்டு மட்டும்தான் பளபளப்பு" என்று சொல்லிவிட, பெண் வீட்டார் கோபித்து எழுந்து, அது போளூர்க்காரர் ஒருவர் பீரோவைப் பற்றிச் சொன்னது என்று விளக்குவதற்குள் போதும்போதும் என்றாகிவிட்டது. அன்றிலிருந்து நல்ல காரியத்துக்கோ கோர்ட்டுக்கோ போகிறவர்கள் அந்தக் கூழைக் குடிப்பதில்லை என்று ஒரு வழக்கம் ஏற்பட்டது. வேறு சிலர், பேசாத வீட்டில் பேச்சு கேட்கட்டும் என்று, அதற்காகவே தூக்குவாளியில் வாங்கிப் போனார்கள். கிராம நிர்வாக அலுவலர் வந்து, அடங்கல் பதிவேட்டில் எந்தப் பயிர் என்று பதிய வேண்டும் எனக் கேட்டார். கருத்து என்றாள் சந்தனமாரி. அப்படி ஒரு பயிர் பட்டியலில் கிடையாது என்று அவர் 'கம்பு, மானாவாரி' என்று எழுதிக்கொண்டு, ஒரு கை கசக்கித் தின்றுவிட்டு, "அரக்கோணத்துல பீரோ டெலிவரி எப்பன்னு கேக்குறாங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். சிட்டுக்குருவிகளும் வந்து தின்றன, அவை வாயைத் திறந்து எதையும் சொல்லவில்லை, அதனால் அவற்றை எல்லாருக்கும் பிடித்திருந்தது.

கஷ்டமெல்லாம் சந்தனமாரிக்குத்தான். அவளைப் பெயின்ட் கொட்டகைக்குப் போகச் சொல்லி இனி யாரும் பேசவில்லை, பீரோவும் முன்னைவிட நன்றாக விற்றது, ஆனால் பதினேழு கருது நூற்றெழுபதாகி, ஐப்பசி பிறந்தபோது பொட்டல் முழுக்க நிறைந்து, வேலிக்கருவையைத் தள்ளிக்கொண்டு சாலை வரைக்கும் வந்துவிட்டது. காலையில் வந்ததும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்குவாள். ஒரு கருதில் ஒரு மணி, ஒரு மணிக்கு ஒரு பதில். ஒவ்வொரு பதிலிலும் தன்னுடையது எதையாவது வைத்தால்தான் அது மணியாகிறது என்பதால், அவள் தன் கல்யாண பீரோவைச் சொன்னாள், அது வாசலில் நுழையாமல் நிலையை இடித்த கதையைச் சொன்னாள், அப்பா குடித்துவிட்டு பீரோக் கண்ணாடியோடு சண்டை போட்டதைச் சொன்னாள், பிறக்காமல் போன பிள்ளைக்கு எடுத்து வைத்திருந்த சட்டையைக்கூட ஊத்துக்குளிக்காரி ஒருத்தியிடம் சொன்னாள். சொல்லச் சொல்ல, வீட்டுக்குப் போனால் புருசனிடம் சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அவர் "என்ன கொழம்பு?" என்று கேட்டால் பதில் சொல்வதற்குக்கூட அவளுக்கு நாக்கு எழவில்லை. முன்பு யாரும் பேசவில்லையே என்று அழுதவள், இப்போது எல்லாரும் பேசுகிறார்களே என்று அழுதாள். அழுதால் மூச்சு இழுத்தது, அதனால் அதையும் குறைத்துக்கொண்டாள்.

கார்த்திகையில் கிஷோர் போன் செய்தார்.

"மேடம், உங்க விவசாயமெல்லாம் ஓகே. ஆனா என் ஸ்கிரீன்ல இன்னைக்கும் கமென்ட் ஜீரோதான். ஏன்னு இப்பத்தான் பார்த்தேன். கருதுன்னு போட்டிருக்கீங்க. ஒரு 'த்' இல்ல."

சந்தனமாரி திரையில் அந்த வரியைப் பார்த்தாள். தபாலில் படித்தாலும் எம்.ஏ. தமிழ் ஆயிற்றே என்று வெட்கமாக இருந்தது.

"வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நானே இங்கிருந்து சரி பண்ணிடறேன்," என்றார் கிஷோர். "அப்புறம் எல்லாம் ஸ்கிரீன்லயே வரும். ஒரு நன்றியை காப்பி பண்ணி எல்லாத்துக்கும் போட்டீங்கன்னா முடிஞ்சுது."

அண்ணாச்சிக்கும் அது சம்மதம். தரையில் வருகிற கருத்து ஊருக்குத்தானே தெரிகிறது, திரையில் வந்தால் உலகத்துக்குத் தெரியும் என்றார். பொட்டலில் ஷோரூம் கட்டுவதாகவும் முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை விடிந்ததும் அறுப்பு, ஒன்பது மணிக்கு எழுத்துத் திருத்தம், பத்தரைக்கு அஸ்திவாரம் தோண்ட வானக்கால் பூஜை. சந்தனமாரியை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். ஒரு நன்றியை எழுதி வைத்துக்கொண்டு அதையே ஆயிரம் பேருக்குப் போடும் வேலை, வெயில் படாத வேலை, அதை நினைத்தாலே அவளுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு தூக்கம் வந்தது. பதில் போட்டு முடிக்காத பச்சையை வெட்டி மாட்டுக்குப் போட்டுவிடுவார்கள், அதைச் சொன்னவன் பதிலில்லாமலேயே இருந்துகொள்ள வேண்டியதுதான் என்பது மட்டும் உறுத்தியது. அதனால் வியாழன் முழுக்க நின்று, இருந்த தெம்பையெல்லாம் போட்டு, ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தாள். ஒன்றைத் தவிர.

அது பொட்டலின் நடுவில் நின்றது. ஆவணிக் கடைசியில் வந்தது. "என் வீட்டுக்காரி போய் நாலு வருசமாகுது. அவ பீரோ அப்படியே பூட்டி இருக்கு, சாவி என் அரைஞாண் கயித்துல இருக்கு. உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. தொறக்கலாமா வேண்டாமாங்க? இப்படிக்கு வீரணன், பெரியகுளம்." இதற்கு அவள் மூன்று மாதமாகச் சொல்லாத பதில் இல்லை. மனசுக்கு ஆறுதலாகச் சொன்னாள், பீரோவை அடிக்கடி திறந்து காற்றாட விட வேண்டும் என்று தொழில்முறையில் சொன்னாள், தன் அம்மா செத்தபோது தான் பட்டதைச் சொன்னாள். அவர் கேட்டதற்கு நேரான பதில் அதில் எதிலும் இல்லையோ என்னவோ, அந்தக் கருது பதராகவும் இல்லை, முற்றவும் இல்லை. பால் வற்றாமல் அப்படியே நின்றது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் அரிவாளோடு பதினோரு பெண்கள் வந்து வரிசை பிடித்துவிட்டார்கள். முற்றிய கருதெல்லாம் சாக்கில் ஏறிக்கொண்டே வந்தது. எட்டரை மணிக்கு நடுப்பொட்டலை நெருங்கினார்கள். சந்தனமாரி அந்தத் தட்டைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"பச்சையாட்டம் இருக்கே மாரி," என்றாள் முத்துப்பேச்சி. "விட்டுரு. தொள்ளாயிரம் பேருக்குச் சொன்ன, ஒரு ஆளுக்குச் சொல்லலேன்னா என்ன?"

"கொஞ்சம் பொறுங்க மதினி."

ஒரு மணியைக் கிள்ளி வாயில் போட்டாள். அதே கேள்விதான் அவள் வாயால் வந்தது, தொறக்கலாமா வேண்டாமாங்க. இத்தனை நாளும் அதைக் கேட்டால் பாவமாக இருக்கும். இன்றைக்குக் கோபம் வந்தது, காலிலிருந்து தலை வரைக்கும் வந்தது.

"ஏய்யா, நான் யாருய்யா ஒமக்கு?" என்று கத்தினாள், அறுத்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் நிமிர்ந்தார்கள். "நான் பீரோவுக்குப் பெயின்ட் அடிச்சவ. எங்கிட்ட வந்து மூணு மாசமா தொறக்கவா தொறக்கவான்னா நான் என்னத்தச் சொல்ல? எனக்குத் தெரியல, போதுமா? எனக்கு அசதியா இருக்குய்யா. படுத்தா எந்திரிக்க முடியல. ஊரு பூராத்துக்கும் சொல்லிச் சொல்லி எங்கிட்ட ஒண்ணுமில்ல. உள்ள என்ன இருக்கப் போகுது? சேல இருக்கும். பாச்சை உருண்டை கரைஞ்சு போயிருக்கும். நீரு வாங்கிக் குடுத்து அந்தம்மா கட்டாம வச்சது ஒண்ணு இருக்கும், அதப் பாத்து நீரு அழுவீரு. அழும்! அழுதுட்டுச் சோத்தத் தின்னும்! நாலு வருசமாவா ஒரு மனுசன் இரும்புப் பொட்டி முன்னால நிப்பான்? தொறந்து தொலையும்யா!"

மூச்சு வாங்கியது. இன்ஹேலரை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தாள். இப்படி ஒரு வாடிக்கையாளரைத் திட்டிவிட்டோமே என்று பயம்கூட வரவில்லை, அதற்கும் தெம்பில்லை. அப்படியே மண்கட்டிகளின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் கண்ணுக்கு எதிரிலேயே அந்தக் கருது மஞ்சள் ஓடியது. அடியிலிருந்து நுனிவரைக்கும் நிறம் ஏறி, மணி திரண்டு, பாரம் தாங்காமல் அவள் தோளில் வந்து சாய்ந்தது. பெண்களில் ஒருத்தி, "முத்திருச்சுக்கா, அறுத்துரவா?" என்று குனிந்தாள். மணி எட்டு ஐம்பது. அண்ணாச்சி கடப்பாரையோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு பட்டறைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் தட்டையின் தூரில் ஒரு பக்கக்கிளை வெடித்துக்கொண்டு வந்தது. வந்த வேகத்தில் இலை விட்டு, சுண்டுவிரல் அளவுக்கு ஒரு கருதையும் நீட்டியது. சந்தனமாரி உட்கார்ந்தபடியே அதில் ஒரு மணியைக் கிள்ளினாள். பால் இன்னும் சூடாக இருந்தது. வாயில் போட்டாள்.

"சாவி பாதி திரும்பி நின்னுருச்சும்மா," என்றது அவள் வாய். "இதுக்கு மேல போக மாட்டேங்குது."

அண்ணாச்சி வந்து சேர்ந்தார். "என்ன தாயி இது, நேரமாச்சு. அறுக்கச் சொல்லு. ஒம்போதுக்கு அந்தச் சென்னைத் தம்பி மாத்திருவாரு."

"அவர ஒம்போதேகாலுக்கு மாத்தச் சொல்லுங்க அண்ணாச்சி," என்றாள் சந்தனமாரி. பத்தொன்பது வருடத்தில் அவள் அவருக்கு ஒரு வேலை சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் என்ன நினைத்தாரோ, சட்டைப்பையில் போனைத் தேடினார். பெண்கள் அரிவாளைத் தரையில் வைத்தார்கள்.

அவள் அந்தச் சின்னக் கருதின் பக்கம் முகத்தைக் கொண்டுபோனாள். குரல் இப்போது இறங்கியிருந்தது.

"அவசரமில்லங்க. சாவிய வெளிய எடுத்து ரெண்டு சொட்டு தேங்காண்ணெ விடுங்க. இடது கையால கதவ உள்பக்கமா அமுக்கிப் பிடிங்க, பழைய கதவு இறங்கியிருக்கும். இப்பத் திருப்புங்க. மெதுவா. நான் இங்கனதான் இருக்கேன்."